நடுக்களத்தில் ஒரு சப் இன்ஸ்பெக்டர்

விடிந்தும் விடியாத நேரத்தில் சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற மின்சார ரயிலில் என்றைக்காவது ஏறியிருக்கிறீர்களா?

இல்லையென்றால் ஒருமுறை ஏறிப் பாருங்கள். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வண்டி நகர நகர, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய கூட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். எல்லோரும் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் போகிறவர்கள். அதில் இளம்பெண்கள் கணிசம். ஒரு கையில் டிபன் பாக்ஸ் பை, இன்னொரு கையில் மொபைல். உட்கார இடம் கிடைத்தவள் அடுத்த நிமிடமே தூங்கிவிடுவாள். கும்மிடிப்பூண்டி வந்ததும் பக்கத்துப் பெண் தட்டி எழுப்புவாள். இறங்கி ஓட்டமும் நடையுமாக கம்பெனி வண்டியைப் பிடிப்பார்கள்.

இவர்களில் ஒருத்தியிடம் போய், ‘ஏம்மா, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஃபேக்டரி வாசல்ல கொஞ்சம் ஃபுட்பால் ஆடக்கூடாதா?’ என்று கேட்டால் என்ன ஆகும்? ஒரு மாதிரி பார்ப்பாள். அடுத்த ஸ்டேஷனில் பெட்டி மாறிவிடுவாள்.

ஆனால் பாருங்கள், பெண்கள் கால்பந்து சரித்திரத்தின் மிகப் பிரபலமான அணி ஒன்று அப்படித்தான் பிறந்தது. ஃபேக்டரி வாசலில். ஓய்வு நேரத்தில்.

நான் சொல்ல வந்தது கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனின் கதை. இந்திய அணிக்காக நடுக்களத்தில் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். ஒரே ஆளுக்கு எதற்கு இரண்டு உத்தியோகம் என்று கேட்பீர்கள். கட்டுரையின் விஷயமே அந்தக் கேள்விதான். பதில் கிடைக்க வேண்டுமானால் கடலூருக்கு நேராகப் போக முடியாது. நூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போயாக வேண்டும்.

*

1917. முதல் உலகப்போர். இங்கிலாந்தின் ஆண்கள் எல்லாம் போர்முனையில். ஊரில் வேலை பார்க்க ஆள் இல்லை. அதுவரை அடுப்படியில் இருந்த பெண்களை அழைத்து, ‘வாருங்கள், வெடிகுண்டு செய்யலாம்’ என்று ஃபேக்டரிக்குள் விட்டார்கள்.

பிரெஸ்டன் என்கிற ஊரில் ‘டிக், கெர்’ என்று ஒரு கம்பெனி. டிராம் வண்டியும் ரயில் என்ஜினும் செய்துகொண்டிருந்தவர்கள், போர் வந்ததும் குண்டு செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே வேலைக்கு வந்த பெண்கள் ஓய்வு நேரத்தில் முற்றத்தில் பந்து உதைக்கத் தொடங்கினார்கள். கம்பெனியில் இருந்த பையன்கள் கிண்டல் செய்தார்கள். வா, ஆடிப் பார்த்துவிடலாம் என்று இவர்கள் கூப்பிட்டார்கள். ஆடினார்கள். பெண்கள் ஜெயித்தார்கள்.

ஆல்ஃபிரட் ஃபிராங்க்லாண்ட் என்று ஓர் ஆபீஸ்காரர் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அட, இது நல்ல யோசனையாக இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. அந்த வருடம் கிறிஸ்துமஸ் அன்று, காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைக்கு நிதி திரட்ட, பிரெஸ்டனின் டீப்டேல் மைதானத்தில் ஓர் ஆட்டம் ஏற்பாடு செய்தார். எதிரணியும் இன்னொரு ஃபேக்டரிப் பெண்கள்தான். பத்தாயிரம் பேர் வந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். போர் முடிந்தது. ஆண்கள் திரும்பி வந்தார்கள். இந்தப் பெண்களைப் பார்க்க வந்த கூட்டம் மட்டும் குறையவே இல்லை. 1920 டிசம்பர் 26. லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானம். உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே ஆயிரக்கணக்கில். ஒரே நாள் வசூல் 3,000 பவுண்டுக்கு மேல். மொத்தமும் தர்ம காரியத்துக்கு.

ஆடியவர்களுக்கு என்ன கிடைத்தது? ஓர் ஆட்டத்துக்கு 10 ஷில்லிங். ஆட்டத்துக்காக வேலைக்கு மட்டம் போட்டால் அன்றைய கூலி போகுமே, அதற்கு ஈடு.

நான் படித்தது பி.காம். எந்தக் கதையைக் கேட்டாலும் வரவு எங்கே, செலவு எங்கே என்று தேடுகிற புத்தி. எனவே இந்த 10 ஷில்லிங்கைக் கொஞ்சம் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

1921 டிசம்பர் 5. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் கூடியது. ஒரு தீர்மானம் போட்டார்கள். கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டம் அல்ல. அதை ஊக்குவிக்கக் கூடாது. ஆகவே சங்கத்தைச் சேர்ந்த எந்த கிளப்பும் தன் மைதானத்தைப் பெண்களுக்குத் தரக் கூடாது.

தீர்ந்தது கதை.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். ஆடாதே என்று அவர்கள் நேரடியாகச் சொல்லவில்லை. இடம் தராதே என்றுதான் சொன்னார்கள். கூடவே இன்னொரு புகாரையும் சேர்த்துக்கொண்டார்கள். வசூலாகும் பணத்தில் பெரும்பகுதி செலவுக் கணக்கில் போய்விடுகிறதாம், தர்மத்துக்கு சரியாகப் போய்ச் சேருவதில்லையாம். அதாவது அந்த 10 ஷில்லிங் அவர்கள் கண்ணை உறுத்தியது. பெண்கள் ஆடுவது ஒரு பிரச்னை என்றால், ஆடிவிட்டுக் காசும் வாங்குவது பெரிய பிரச்னை.

சில வருடங்களில் ஃபிராங்க்லாண்டுக்கும் கம்பெனிக்கும் ஒத்துவராமல் போனது. அணி கம்பெனியின் பெயரை இழந்தது. ஆடிய பெண்கள் பிழைப்புக்கு வேறு இடம் தேட வேண்டி வந்தது. அவர்களில் பெரிய நட்சத்திரம் லில்லி பார். 14 வயதில் அணிக்கு வந்தவர். அவர் உள்பட பலர் பக்கத்திலிருந்த மனநல மருத்துவமனை ஒன்றில் நர்ஸ் வேலைக்குப் போனார்கள். பகலில் நோயாளிகள். நேரம் கிடைத்தால் பந்து. கிடைத்த பொட்டலில் ஆட்டம். அப்படியும் அந்த அணியை 1965 வரை உயிரோடு வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

தடை நீங்கியது எப்போது தெரியுமா? 1971. முழுசாக ஐம்பது வருடம். நம் ஊர் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டதும் அதே 1971தான். சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன்.

*

இப்போது கொஞ்சம் அமெரிக்கா. பயப்படாதீர்கள், சீக்கிரம் வந்துவிடலாம்.

1972ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் வாங்குகிற எந்தக் கல்வி நிலையமும் ஆண், பெண் என்று பேதம் பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம். சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் கால்பந்து இருந்திருக்காது. ஆனால் விளைவு அங்கேதான் பலமாகத் தெரிந்தது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பெண்களுக்கு அணிகள் முளைத்தன. மைதானம் கிடைத்தது, கோச் கிடைத்தார், விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடைத்தது.

அந்தத் தலைமுறையில் வந்தவர் கிறிஸ்டீன் லில்லி. மிட்ஃபீல்டர். 1987ல் 16 வயதில் நாட்டுக்காக ஆட ஆரம்பித்து, 2010 வரை ஆடினார். மொத்தம் 354 சர்வதேச ஆட்டங்கள். ஆணோ பெண்ணோ, உலகத்தில் வேறு யாரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

இந்த இடத்தில் மிட்ஃபீல்டர் என்றால் யார் என்று சொல்லிவிடுகிறேன். கால்பந்து பார்க்கிற வழக்கம் உள்ளவர்கள் இரண்டு வரி தாண்டிப் போகலாம்.

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை மேடையில் இருப்பார். எல்லா கேமராவும் அவர் பக்கம். அவர்தான் கோல் அடிக்கிற ஃபார்வர்ட். வாசலில் வரவேற்று, வேண்டாதவர்களை நைசாகத் திருப்பி அனுப்புகிற பெரியப்பா டிஃபெண்டர். இவர்களுக்கு நடுவே ஒரு சித்தப்பா இருப்பார். சமையல்கட்டுக்கும் பந்திக்கும் ஓடிக்கொண்டிருப்பார். எந்த வரிசைக்கு சாம்பார் வரவில்லை, எங்கே தண்ணீர் தீர்ந்தது, யாரை எப்போது பந்தியில் உட்கார்த்த வேண்டும் எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் இல்லாவிட்டால் கல்யாணம் நாறிப்போகும். ஆனால் ஆல்பத்தைப் புரட்டினால் ஒரு போட்டோவில்கூட அவர் முகம் இருக்காது.

அந்தச் சித்தப்பாதான் மிட்ஃபீல்டர்.

*

இந்தியாவுக்கு வருவோம்.

நம்மிடம் பெண்கள் கால்பந்தே இல்லை, எல்லாம் நேற்று முளைத்தது என்றுதான் பொதுவாக ஓர் எண்ணம். தப்பு. 1975லேயே பெண்களுக்கென்று தனியாக ஓர் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு உண்டானது. 1980 ஜனவரியில் ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப்பே கோழிக்கோட்டில் நடந்தது. இந்தியா ஒன்றல்ல, இரண்டு அணிகளை இறக்கியது. வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று. இதில் தெற்கு அணி இறுதி ஆட்டம் வரை போய் சீன தைபேயிடம் தோற்றது. 1983ல் பாங்காக்கிலும் நாம்தான் இரண்டாம் இடம்.

ஆசியாவில் இரண்டாம் இடம்! ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

பிறகு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பிரச்னை. 1983ல் சாந்தி மாலிக்குக்கு அர்ஜுனா விருது கொடுத்தார்கள். கால்பந்து ஆடிய பெண் ஒருவருக்குக் கிடைத்த முதல் அர்ஜுனா. இரண்டாவது எப்போது வந்தது? 2017ல். நடுவே 34 வருடம். ஒரு பெண் பிறந்து, ஆடி, ஓய்வே பெற்றுவிடுகிற கால அளவு.

அந்த இரண்டாவது அர்ஜுனா வாங்கியவரும் ஒரு மிட்ஃபீல்டர். மணிப்பூரின் ஓய்னம் பெம்பெம் தேவி. சின்ன வயசில் பையன்களோடு ஆடுவதற்காகப் பையன் பேர் வைத்துக்கொண்டு ஆடியவர். 1995ல், 15 வயதில், இந்திய அணிக்கு வந்தார். 2016 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கிய கையோடு ஓய்வு பெற்றார். 21 வருடம். 2020ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

சரி, இந்த 21 வருடம் அவர் எப்படிச் சாப்பிட்டார்? இந்தியாவில் பெண்களுக்கென்று தேசிய லீக் வந்ததே 2016-17ல்தான். அதாவது அவர் ஓய்வு பெற்ற பிறகு. அதுவரைக்கும் கால்பந்தை நம்பி ஒரு பெண் வீட்டு வாடகை கொடுக்க முடியாது. பெம்பெமுக்கு மணிப்பூர் போலீஸ் வேலை கொடுத்தது. அந்தச் சம்பளம் இருந்ததால் அந்தக் கால்கள் ஓடின.

10 ஷில்லிங் ஞாபகம் இருக்கிறதல்லவா?

*

இப்போது கடலூர்.

2004 டிசம்பர் 26 சுனாமி கடலூரை என்ன செய்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தப் பேரழிவுக்குப் பிறகு கடற்கரைப் பிள்ளைகள் பலருக்குப் பற்றிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. கடலூரில் அந்த ஏதாவது ஒன்று, சிலருக்கு, கால்பந்தாக அமைந்தது. இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி என்ற பெயரில் அங்கே உருவான அணி, பின்னாளில் தேசிய லீக் வரைக்கும் போய் ஆடியது. இந்தியப் பெண்கள் கால்பந்தின் வரைபடத்தில் இம்பால் எப்படியோ, தமிழ்நாட்டு அளவில் கடலூர் அப்படி.

இந்துமதி 1994 ஜூனில் பிறந்தவர். அவருக்கு 15 வயதாகும்போது, 2009ல், இந்தியப் பெண்கள் அணி எங்கே இருந்தது தெரியுமா? எங்கேயும் இல்லை. ரொம்ப நாளாக சர்வதேச ஆட்டம் எதுவும் ஆடாததால், ஃபிஃபாவின் தரவரிசைப் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிட்டார்கள். இருபதாவது இடம், நூறாவது இடம் என்றால்கூட ஓர் இடம். இது இடமே இல்லாத நிலை. கடலூரில் பந்து உதைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், ‘நான் இந்தியாவுக்கு ஆடுவேன்’ என்று அப்போது சொல்லியிருந்தால், எந்த இந்தியாவுக்கு என்று கேட்டிருப்பார்கள்.

ஏழு வருடம் கழித்துப் பாருங்கள்.

2017 ஜனவரி 4. மேற்கு வங்கத்தின் சிலிகுரி. தெற்காசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். இந்தியா, பங்களாதேஷ். டாங்மெய் கிரேஸ் முதல் கோல் அடிக்கிறார். பங்களாதேஷ் சமன் செய்கிறது. இடைவேளை வரை 1-1. அதன் பிறகு ஒரு பெனால்டி. சஸ்மிதா மாலிக் தப்பாமல் அடிக்கிறார். 2-1. இன்னும் நேரம் இருக்கிறது, எதிரணி விடுகிற மாதிரி இல்லை. அந்த நேரத்தில் மூன்றாவது கோல். இனி எழ முடியாது என்று எதிராளியை உட்கார வைத்த கோல்.

அடித்தவர் இந்துமதி. அன்றைக்கு ஒருநாள் சித்தப்பாவும் போட்டோவில் வந்தார்.

2018ல் அடுத்தது. சீனியர் பெண்களுக்கான தேசிய சாம்பியன்ஷிப். வருடா வருடம் மணிப்பூர் வரும், ஆடும், கோப்பையை எடுத்துக்கொண்டு போகும். கிட்டத்தட்ட அதுதான் வழக்கம். அந்த வருடம் கட்டாக்கில் இறுதி ஆட்டத்தில் மணிப்பூரின் எதிரே நின்றது தமிழ்நாடு. 2-1 என்று ஜெயித்தது. தமிழ்நாடு இந்தப் பட்டத்தை வாங்கியது அதுவே முதல் தடவை. இந்துமதி அந்த அணியில் இருந்தார். நீங்கள் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்க மாட்டேன். ஏனென்றால் எனக்கே அது மறுநாள் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்து மூலையில்தான் தெரிந்தது.

2019 மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகர். மறுபடி தெற்காசியப் போட்டி. அரையிறுதியில் பங்களாதேஷை 4-0 என்று இந்தியா துவைத்தது. அதில் இந்துமதியின் கோல் இரண்டு. இந்தியா தொடர்ந்து ஐந்தாவது முறையாகச் சாம்பியன்.

அதே வருடம் மே மாதம் லூதியானா. தேசிய லீகின் இறுதி ஆட்டத்தில் மதுரையின் சேது எஃப்.சி. 3-1 என்று கோப்பையை வென்றது. சேதுவின் நடுக்களத்தில் இந்துமதி. தோற்ற அணி எது தெரியுமோ? மணிப்பூர் போலீஸ். ஒரு போலீஸ்காரம்மா இன்னொரு மாநில போலீஸைத் தோற்கடித்த கதை. இதற்கு எந்தச் சட்டத்திலும் வழக்குப் போட முடியாது.

*

ஆச்சா? இவ்வளவு ஜெயித்தாகிவிட்டது. இனி கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்காரலாம் அல்லவா?

2020. கொரோனா. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. உலகமெங்கும் கால்பந்து நட்சத்திரங்கள் தங்கள் மாளிகைத் தோட்டங்களில் டாய்லெட் பேப்பர் சுருளைக் காலால் தட்டித் தட்டி வீடியோ போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்துமதி அப்போது சென்னைத் தெருவில் காக்கிச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். முகத்தில் மாஸ்க். வெயில். வருகிற வண்டியை நிறுத்துவது, எங்கே போகிறீர்கள் என்று கேட்பது, வீட்டுக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்புவது. நம்மில் யாரையாவதுகூடத் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

மறுபக்கம், உடம்பு தளர்ந்துவிடக் கூடாது. ஒரு மிட்ஃபீல்டர் ஓர் ஆட்டத்தில் பத்து கிலோமீட்டர் வரை ஓடுவார். அந்த மூச்சைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்றால் தினம் பயிற்சி வேண்டும். பகல் முழுக்க ரோட்டில் நின்றுவிட்டு அதை எப்படிச் செய்வது என்பதை, எட்டு மணிநேர ஷிஃப்ட் முடித்துக் கும்மிடிப்பூண்டி ரயிலில் திரும்புகிற பெண்ணைக் கேட்டால் சொல்வாள்.

2022 ஜனவரி. அந்த வருட ஆசியக் கோப்பையை இந்தியாவே நடத்தியது. மும்பை, நவி மும்பை, புனே. சொந்த மண். இந்துமதியும் அணியில் உண்டு. நன்றாக ஆடினால் 2023 உலகக் கோப்பைக்கே வழி திறக்கும். முதல் ஆட்டம் ஈரானோடு. 0-0. போகட்டும், அடுத்த ஆட்டம் இருக்கிறது.

இல்லை.

இரண்டாவது ஆட்டம் ஜனவரி 23, சீன தைபேயோடு. அதற்குள் இந்திய அணிக்குள் கொரோனா புகுந்துவிட்டது. ஓர் ஆட்டத்துக்குக் குறைந்தது 13 பேராவது வேண்டும். ஆடுகிற நிலையில் அத்தனை பேர் தேறவில்லை. ஆட்டம் ரத்து. விதிப்படி இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாகக் கணக்கு. ஆடிய ஒரே ஆட்டமும் செல்லாது என்று துடைத்துவிட்டார்கள்.

இரண்டு வருடம் ரோட்டில் நின்று விரட்டிய வியாதி, சரியாக அந்த வாரம் பார்த்து வாசல் கதவைத் தட்டியது. இதை விதி என்பதா, நிர்வாகக் கோளாறு என்பதா? உங்கள் விருப்பம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வேறு உத்தியோகம் இல்லாத ஒருத்தியாக இருந்தால், அந்த வாரத்தோடு மனசு ஒடிந்து வீட்டுக்குப் போயிருப்பாள். இந்துமதிக்குத் திரும்பிப் போக ஒரு வேலை இருந்தது. எனவே திரும்பி வர ஓர் ஆட்டமும் இருந்தது. 2023ல் தமிழ்நாடு அமிர்தசரஸில் ஹரியானாவை ஜெயித்து இரண்டாவது முறையாக தேசியப் பட்டம் வாங்கியது.

*

இப்போது கணக்குப் புத்தகத்தைத் திறக்கலாம்.

2023ல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒரு முடிவெடுத்தது. பெண்கள் தேசிய லீகில் ஆடும் ஒவ்வொரு கிளப்பும், குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு, வருடத்துக்குக் குறைந்தது 3,20,000 ரூபாய் சம்பளம் தர வேண்டும். பாராட்ட வேண்டிய முடிவு, சந்தேகமில்லை. ஆனால் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். மாதம் 26,600 சொச்சம். அதுவும் லீகில் இருக்கிற ஒருசில கிளப்புகளில், கிளப்புக்குப் பத்துப் பேருக்கு. முழு நாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார வைத்துவிடலாம். முட்டியில் அடிபட்டால் அந்தப் பந்தியிலும் இலை கிடையாது.

ஆகவே சப் இன்ஸ்பெக்டர் வேலை என்பது இந்துமதியின் ‘இன்னொரு’ உத்தியோகம் இல்லை. முதலாவது உத்தியோகம் நிலைத்ததற்கே காரணம் அதுதான்.

2025 ஜூலை 5, தாய்லாந்தின் சியாங் மாய். ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். தாய்லாந்து இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடிய அணி. அவர்களை அவர்கள் ஊரிலேயே இந்தியா 2-1 என்று சாய்த்தது. தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து ஆசியக் கோப்பைக்குள் நுழைவது இந்தியாவுக்கு அதுவே முதல் தடவை. இரண்டு கோலையும் அடித்தவர் சங்கீதா பாஸ்ஃபோர். வங்காளத்துப் பெண். அவரும் மிட்ஃபீல்டர். அவர் வேலை பார்ப்பது எங்கே? சஷஸ்திர சீமா பல். எல்லைக் காவல் படை.

பெம்பெம், போலீஸ். இந்துமதி, போலீஸ். சங்கீதா, எல்லைப் படை. லில்லி பார், மருத்துவமனை. அதற்கு முன்னால் வெடிகுண்டு ஃபேக்டரி. நூறு வருடத்து வரிசை. எல்லார் கதையிலும் திறமை இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, பிடிவாதம் இருக்கிறது. ஆனால் கதை நடுவில் நின்றுபோகாமல் இருந்ததற்குக் காரணம், மாதம் பிறந்தால் யாரோ ஒருவர் சம்பளம் போட்டார். கூடவே, ஆட்டத்துக்குப் போகிறேன் என்றால் ‘போயிட்டு வாம்மா’ என்றார்.

ஆண்களுக்கு இது புதிதே இல்லை. சென்னைக் கால்பந்தின் பழைய பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க், கஸ்டம்ஸ். எல்லாம் ஆபீஸும் ஃபேக்டரியும்தான். வடசென்னையில் நன்றாகப் பந்து உதைக்கிற பையனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. கால் நன்றாக இருந்தால் பெரம்பூரில் ஒரு வேலை கிடைக்கலாம். அந்த நம்பிக்கையில்தான் அவன் அம்மா மைதானத்துக்குப் போக விட்டாள். பெண்ணுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள எத்தனை வாசல் இருக்கிறது? போலீஸ், ரயில்வே, துணை ராணுவம். விரல் விட்டு எண்ணினால் ஒரு கைக்கே விரல் மிச்சம்.

பெரம்பூரிலிருந்து வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி. வழியெல்லாம் கம்பெனிகள். உள்ளே ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள். திருவள்ளூர் மாவட்டம் முழுக்கத் தொழிற்பேட்டைகள். ஒவ்வொரு காம்பவுண்டுக்குள்ளும் லாரி திரும்ப விட்ட காலி இடம், கால் மைதான அளவுக்காவது தேறும். இவ்வளவுக்கும் நடுவே எத்தனை கால்கள் சும்மா கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கின்றனவோ, யார் கண்டது?

ஒரே ஒரு பர்சனல் மேனேஜருக்கு, அன்றைக்கு பிரெஸ்டனில் ஜன்னல் வழியே பார்த்தாரே ஃபிராங்க்லாண்ட், அவர் புத்தி வந்தால் போதும். ஒரு பந்து வாங்கச் சொல்லலாம். ஆட்டத்துக்குப் போகிற பெண்ணுக்கு அன்றைய கூலியை வெட்டாமல் இருக்கச் சொல்லலாம். செலவு என்னவோ இந்தக் காலத்து 10 ஷில்லிங்தான்.

அது நடக்கும்போது நடக்கட்டும். இப்போதைக்கு உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை ஹெல்மெட் போடாமல் போய் ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டரிடம் மாட்டிக்கொண்டால், யாரைத் தெரியும் எவரைத் தெரியும் என்று வாதாடாதீர்கள். மரியாதையாக அபராதத்தைக் கட்டிவிட்டு, பெயர்ப் பட்டையை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

தப்பித் தவறி வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அவர் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவராக இருக்கலாம்.